வெள்ளைப் பூவுக்கு எந்த குரூப்பு

பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் நான் வாங்கியது முப்பத்தாறு. பாஸ் மார்க் முப்பத்தைந்து. மேலே இருந்த அந்த ஒரு மார்க்கு எங்கள் ஊர் மாரியம்மன் போட்டது என்பதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் இல்லை. பரீட்சைத் தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு முக்கோணம் வரைந்தேன். மேற்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆத்தாளை நினைத்துக்கொண்டு குறுக்கே சும்மா ஒரு கோடு இழுத்தேன். அதற்குத்தான் விழுந்திருக்க வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பதினோராம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்று பள்ளிக்கூடங்களுக்கு வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் ஊர் செந்துறைக்குப் பக்கம். அப்பாவுக்கு ஒரு முந்திரிக்கொல்லையும் கொஞ்சம் மானாவாரி நிலமும் இருந்தன. எங்கள் வீட்டில் பத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் நான்தான். அதனால் பத்து முடித்தால் பதினொன்று, அவ்வளவுதானே என்று இருந்துவிட்டோம். எதில் சேரப் போகிறாய் என்று அங்கே ஒரு கேள்வி கேட்பார்கள் என்பதே மார்க் ஷீட் வாங்கப் போன அன்றைக்குத்தான் தெரிந்தது.

அரியலூரில் நாங்கள் சேரப்போன பள்ளிக்கூடத்தில் எனக்குத் தெரிந்து இரண்டு வழி இருந்தது. ஒன்று பஸ்ட் குரூப். கணக்கு, பௌதிகம், ரசாயனம், உயிரியல். அதில் படித்தால் டாக்டர் ஆகலாம், இன்ஜினியர் ஆகலாம் என்று சொன்னார்கள். இன்னொன்று தொழிற்கல்வி. அதில் விவசாயம் சொல்லிக் கொடுத்தார்கள்.

அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

“பஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கறப்ப வேற எதுக்குடா? கல்யாணத்துல மொத பந்தியில ஒக்காந்தவனுக்குத்தான் அப்பளம் கெடைக்கும். ரெண்டாம் பந்திக்குப் போனா ரசத்தோட எந்திரிக்கணும்.”

“எனக்குக் கணக்கு வராதுப்பா. விவசாயத்துல சேர்றேன்.”

“விவசாயம் கத்துக்கவா பஸ் ஏறி அரியலூர் போவ? கொல்லைக்கு வா, நான் சும்மாவே சொல்லித் தரேன். காலையில ஆறு மணிக்கு மொத பீரியடு.”

எனக்குப் பயம் கணக்கு மேல்தான். அந்த முப்பத்தாறை வைத்துக்கொண்டு பஸ்ட் குரூப்புக்குள் போனால் திரும்பி வரமாட்டேன் என்று தெரியும். ஒவ்வொரு மார்க்குக்கும் ஆத்தாளைக் கூப்பிட முடியுமா? அவளுக்கும் வேலை இருக்கும். போதாததற்கு, தொழிற்கல்விப் பையன்கள் பள்ளிக்கூடத்துத் தோட்டத்தில் கடலை போடுகிறார்கள், பறித்த அன்றைக்கு அவித்துத் தின்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். பக்தியோடு இதையும் சொல்லிவிடுகிறேன்.

நாலு நாள் வீட்டில் இதே சத்தம். ஐந்தாம் நாள் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “அப்பனும் மவனும் கத்துனா காதுல வுழுவுதா ஒருத்தருக்காவது? வெள்ளிக்கெழம ஆத்தாகிட்ட பூ கேட்டுருவோம்.”

எங்கள் பக்கத்தில் பூக் கேட்காமல் பெரிய காரியம் எதுவும் நடக்காது. வெள்ளை அரளியை ஒரு இலையிலும் செவ்வரளியை ஒரு இலையிலும் வைத்து, உள்ளே இருப்பது வெளியே தெரியாமல் நாரால் கட்டி, சாமி காலடியில் போடுவார்கள். விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். பெண் கொடுக்கலாமா, கிணறு வெட்டலாமா என்று கேட்டால் வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். அது ஊருக்கே தெரிந்த கணக்கு. ஆனால் இந்த குரூப்பா அந்த குரூப்பா என்று அதுவரை ஒருவரும் ஆத்தாளைக் கேட்டதில்லை. பூசாரியே கொஞ்சம் யோசித்தார்.

“வெள்ளைக்கு ஒண்ணு, செவப்புக்கு ஒண்ணுன்னு மனசுல முடிஞ்சுக்கங்க. வாய்விட்டுச் சொல்லப்படாது. பள்ளிக்கூடத்துல சேத்து முடிக்கிற வரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கவும் படாது. பேசுனா வாக்கு பலிக்காது.”

இதுதான் வினையாகப் போயிற்று. பொதுவாக ஒரு ஆள் கேட்பார், ஒரு ஆள் மனதில் முடிந்துகொள்வார். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் வரிசையாக நின்று கையைக் கூப்பி, கண்ணை மூடி, ஆளுக்கொன்றாக முடிந்துகொண்டோம். அப்பா தேங்காய் உடைத்தார். ஒருவர் முடிந்தது மற்றவருக்குத் தெரியாதே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தெய்வத்துக்குத்தான் தெரியுமே, அப்புறம் என்ன என்கிற நினைப்பு.

நான் கண்ணை முழுசாக மூடவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டு பொட்டலத்தில் ஒன்று புடைத்துக்கொண்டு பெரிதாக இருந்தது. பூசாரியின் தட்டில் செவ்வரளி கும்பலாகக் கிடந்ததைப் பார்த்திருந்தேன். அப்படியானால் பெரிய பொட்டலம் சிவப்பு. குழந்தை எப்போதும் பெரியதைத்தான் எடுக்கும். ஆகவே, ஆத்தா, சிவப்பு வந்தால் தொழிற்கல்வி, வெள்ளை வந்தால் பஸ்ட் குரூப் என்று அவசரமாக முடிந்துகொண்டேன். கணக்கில் முப்பத்தாறு வாங்கியவன் போட்ட கணக்கு.

பூசாரியின் பேத்தி, நாலு வயது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து பெரிய பொட்டலத்தையே எடுத்தாள். பிரித்தால் வெள்ளை. வெள்ளைப் பூ குறைவாக இருக்கிறதே என்று பூசாரி ஒரு கொத்து வேப்பிலையையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார். ஏமாற்றப் பார்த்தால் ஆத்தா விடுவாளா?

அப்பா முகத்தில் பெரிய சிரிப்பு. அம்மாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை, பேசக்கூடாதே.

திங்கட்கிழமைதான் சேர்க்கை. நடுவில் இருந்த இரண்டு நாளும் வீடு கோயில் மாதிரி அமைதியாக இருந்தது. சனிக்கிழமை அப்பா செந்துறைக்குப் போய் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். எனக்கு உறுதியாகிவிட்டது, பஸ்ட் குரூப்தான். அம்மா அதைப் பார்த்துவிட்டு, வயல் அளக்க வேண்டுமே, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாராம். ஞாயிற்றுக்கிழமை அம்மா களைக்கொத்துக்குப் புதுப் பிடி போட்டு வாங்கி, எண்ணெய் தடவிச் சுவரில் சாய்த்து வைத்தார். அப்பா அதை எடுத்துப் பார்த்து, முந்திரிக்கொல்லைக்கு ஆகும் என்று சந்தோஷப்பட்டார். அன்றைக்குப் பாயசமும் உண்டு. நான் மட்டும் கசாயம் மாதிரிக் குடித்தேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் மூன்று பேரும் அரியலூர் போனோம். பள்ளிக்கூடத்து வராந்தாவில் மேசை போட்டு ஒரு சார் உட்கார்ந்திருந்தார். வரிசை வேப்பமரம் வரைக்கும் நின்றது. எங்கள் முறை வந்ததும் சார் என் மார்க் ஷீட்டை வாங்கி, ஒரு பாரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, நிமிராமலே கேட்டார்: “எந்த குரூப்பு?”

“பஸ்ட் குரூப்புங்க” என்றார் அப்பா.

“தொழிற்கல்விங்க” என்றார் அம்மா.

இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தது. சார் நிமிர்ந்தார். அப்பா அம்மா பக்கம் திரும்பினார்.

“ஏ புள்ள, என்ன பேசுற? ஆத்தா சொன்னத மாத்திச் சொல்றியா?”

“நான் எதுக்கு மாத்தப் போறேன்? வெள்ளை வந்துச்சுல்ல. வெள்ளைன்னா தொழிற்கல்விதான்.”

“வெள்ளைன்னா பஸ்ட் குரூப்பு.”

“யாரு சொன்னா?”

“நான் முடிஞ்சுக்கிட்டேன்.”

“நானுந்தான் முடிஞ்சுக்கிட்டேன்.”

சார் பேனாவைக் கையில் பிடித்தபடியே இருந்தார். “என்னங்க வெள்ளை? மாடு வாங்கப் போறீங்களா, பையனச் சேக்க வந்தீங்களா?”

அப்பா கோயிலில் நடந்ததை முதலில் இருந்து சொன்னார். தேங்காய் எப்படி உடைந்தது என்பதையும் விடவில்லை. பின்னால் விக்கிரமங்கலத்தில் இருந்து மகளைச் சேர்க்க வந்திருந்த ஒருவர், “நாங்களும் சாமி கும்புடுறவங்கதாங்க, கொஞ்சம் வெரசா முடிங்க” என்றார். இருந்தாலும் முழுக்கதையும் கேட்கிற ஆசையில் அவரே நாலடி முன்னால் வந்து நின்றுகொண்டார்.

சார் என் பக்கம் திரும்பினார். “ஏம்ப்பா, படிக்கப்போறவன் நீ. நீ என்ன முடிஞ்சுக்கிட்ட?”

அம்மா என்னையே பார்த்தார். அம்மாவைப் போலவே சொல்லிவிட்டால் போதும். வெள்ளைன்னா தொழிற்கல்விங்க சார் என்று மூன்று சொல். ஓட்டு இரண்டுக்கு ஒன்று ஆகிவிடும். கணக்கு, அல்ஜீப்ரா, ரசாயனம் எல்லாம் அப்படியே விலகிப் போய்விடும். நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஆத்தாளின் காலடியில் நின்று முடிந்ததைப் பள்ளிக்கூடத்து மேசையில் மாற்றினால் அப்புறம் எந்த முகத்தோடு வெள்ளிக்கிழமை விளக்குப் போடுவது? பெரிய பொட்டலத்தில் ஒரு தடவை அனுபவப்பட்டாயிற்று.

“வெள்ளைன்னா பஸ்ட் குரூப்புன்னுதான் சார் முடிஞ்சேன்.” சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “பெரிய பொட்டலம் செவப்புன்னு நெனச்சு, கொழந்த அதத்தான் எடுக்கும்னு செவப்புக்கு விவசாயத்த வச்சேன். வெள்ளை வந்துருச்சு.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்பா தோளில் கிடந்த துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார். “கேட்டுக்கிட்டியா? புள்ளையே சொல்லிட்டான். எழுதுங்க சார், பஸ்ட் குரூப்பு.”

சார் என் மார்க் ஷீட்டை இன்னொரு தடவை பார்த்தார். முப்பத்தாறு இருந்த இடத்தில் அவர் விரல் நின்றது. பாரத்தில் என் பெயரை எழுத ஆரம்பித்தார். பெயர் முடிந்தது. தகப்பனார் பெயர் முடிந்தது. ஊர் முடிந்தது. பாடப்பிரிவு என்ற இடத்துக்குப் பேனா வந்தது.

“சார், பேனாவ எடுங்க” என்றார் அப்பா.

சார் எடுத்தார்.

அப்பா என் பக்கம் பார்க்காமல், மேசையின் காலைப் பார்த்துக்கொண்டு பேசினார். “நானும் செவப்புன்னுதாங்க மொதல்ல முடிஞ்சேன். செவப்பு ஆத்தாளுக்கு ஒகந்த நெறமாச்சே, அதான் செவப்புக்கு பஸ்ட் குரூப்ப வச்சேன். பொட்டலத்தப் பிரிச்சதும் வெள்ளையாப் போச்சு. வெள்ளை வந்தா நல்லதுன்னு ஊரே சொல்லுதே, நல்லதுன்னா பஸ்ட் குரூப்புதானேன்னு, ஆத்தாகிட்ட ஒரு வார்த்த பேசி அங்கயே மாத்திக்கிட்டேன்.”

“ஆத்தா ஒத்துக்கிச்சா?” என்றார் விக்கிரமங்கலத்துக்காரர்.

“அது ஒண்ணும் சொல்லல. நானா ஒத்துக்கிச்சுன்னு வச்சுக்கிட்டேன்.” அப்பா என் பக்கம் கையைக் காட்டினார். “இவன் தனக்கு வேண்டாததயே உண்மையின்னு சொல்றப்ப, நான் பொய்யில நின்னா நல்லாருக்குமா?”

சார் அம்மாவைப் பார்த்தார். “நீங்கம்மா? நீங்களாவது ஒழுங்கா முடிஞ்சீங்களா?”

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினார். “நான் ஒண்ணுமே முடியலைங்க. அடுப்புல பால வச்சுட்டு எறக்காம வந்துட்டமோன்னு அதயே நெனச்சுக்கிட்டு நின்னேன். பூ வந்துச்சு. திரும்பிப் பாத்தா புள்ள மொவம் செத்துப் போச்சு. சரி, அவனுக்குப் புடிச்சதயே வெள்ளையின்னு வச்சுக்குவோம்னு வச்சுக்கிட்டேன்.”

“பால் என்ன ஆச்சுங்க?” என்றார் விக்கிரமங்கலத்துக்காரர்.

“எறக்கித்தான் வச்சிருந்தேன்.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு மாட்டிக்கொண்டு, “இப்ப நான் எதத்தான் எழுதறது?” என்றார்.

என்னை டாக்டராக்கிப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவுடைய ஆசை. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே ஊசிக்குப் பயப்படாமல் இருக்கச் சொல்லிப் பழக்கியவர். அந்த வராந்தாவில் அவர் தொண்டையைச் செருமியது இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

“தேங்கா ஒடச்சது நான். கேட்டதும் நான்தான். ஆத்தா எனக்குத்தான் பதில் சொல்லியிருக்கும். செவப்புன்னா பஸ்ட் குரூப்புன்னேன், செவப்பு வரல. தொழிற்கல்வின்னே எழுதுங்க.”

சார் எழுதினார். நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். பாரத்தை எங்கள் பக்கம் திருப்பி, பாடங்கள் அச்சடித்த தாள் ஒன்றையும் சார் அப்பாவிடம் நீட்டினார். அப்பா எழுத்துக் கூட்டிப் படிப்பார். மண் வகைகள். உரங்கள். பயிர்ப் பாதுகாப்பு. கறவை மாடு வளர்ப்பு. அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“சார், மாடு வளக்கறதுக்கும் பரீட்ச உண்டுங்களா?”

“உண்டு.”

“அதுல பெயிலாவாங்களா?”

“படிக்கலைன்னா ஆவாங்க.”

அப்பாவின் முகம் மெல்லத் தெளிந்தது.

“பெயிலாவறது உண்டுன்னா அப்ப படிப்புதான்” என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கையெழுத்து எங்கே போடுவது என்று கேட்டார்.