கொடுவாவும் ஒயிட் ஒயினும்

மீனுக்கு ஒயிட் ஒயின்தான் பொருத்தம் என்று யார் சொன்னது? என் நண்பன் ரவி சொன்னான். பெங்களூருவாசி. போன ஞாயிறு, நாகப்பட்டினத்தில் சுந்தர் வீட்டு டின்னருக்கு பாட்டிலும் கையுமாக வந்து இறங்கினான்.

"மீன் மேல எலுமிச்சை பிழிஞ்ச மாதிரி வேலை செய்யும்டா!"

சுந்தர் மீன் வியாபாரக் குடும்பம். காலேஜ் நாளிலிருந்து எங்களுக்குச் சமைத்துப் போட்டவன். போன வருடம் தொண்டையில் கேன்சர். ரேடியேஷனில் உயிர் பிழைத்தது... நாக்கில் ருசி போய்விட்டது. 'திரும்ப வரலாம், வராமலும் போகலாம்' என்று முடித்துக்கொண்டார் டாக்டர். அதற்குப் பிறகு அவன் எங்களுக்குச் சமைத்த முதல் சாப்பாடு இது.

கொடுவா மீன் குழம்பு. முதல் வாயிலேயே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரமில்லை — உப்பு!

ரவியைப் பார்த்தேன். ஒயினை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தான். நானும் குடித்தேன். எங்கள் செட்டில் மூன்றாமவன் கூத்தாநல்லூர் பஷீர் ஒயினைத் தொடமாட்டான். பாவம், சொம்பு சொம்பாகத் தண்ணீர்.

"என்னடா பஷீரு, இவ்ளோ தண்ணி குடிக்கிறே?" என்றான் சுந்தர்.

"வெயில்டா..."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சுந்தர் முந்திக்கொண்டான்.

"ஒரு விஷயம்டா. குழம்பை நாக்குல வெச்சுப் பாத்தேன். ஒண்ணுமே தெரியல. கொஞ்சம் உப்பு போட்டேன், இன்னும் கொஞ்சம் போட்டேன்... திடீர்னு தெரிஞ்சுதுடா! எனக்கு ருசி வந்துட்டு!"

அவன் மனைவி மல்லிகா கரண்டியோடு நின்றிருந்தார். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை.

"உப்பு சரியா இருக்குல்ல?" என்று கேட்டான் சுந்தர்.

"அளவா இருக்குடா" என்றான் பஷீர். பொய்யே பேசாதவன். இன்னொரு துண்டு வேறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

நாங்கள் செய்தது சரியா? ஒரு நாளாவது சந்தோஷமாக இருக்கட்டுமே என்று பஸ்ஸில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் பொய்யை மல்லிகாவிடம் அல்லவா விட்டுவிட்டு வந்திருக்கிறோம்!

மறுநாள் காலை சுந்தரிடமிருந்து போன்.

"ருசி வந்துட்டுன்னு டாக்டர்ட்ட சொல்லலாம்னு போனை எடுத்தேன். மல்லிகா கையப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டாடா... எல்லாத்தையும் சொல்லிட்டா."



அப்புறம் அவனே கேட்டான். "அந்த ஒயினாவது மீனுக்குப் பொருந்துச்சாடா?"

"பிரமாதம்டா" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன்... அதன் ருசி எனக்கு நினைவே இல்லை.