மிதவை கேட்கப் போன கதை

நாங்கள் வங்கக் கடலில் விட்ட மிதவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்தது.

நான் அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். போன் திரையில் நீலத்தின் மேல் இருக்க வேண்டிய சின்னப் புள்ளி அனுமந்தைக் குப்பத்தைத் தாண்டி, சாலையேறி, மரக்காணம் பக்கமாக நல்ல வேகத்தில் வந்துகொண்டிருந்தது. வாயில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றுவிட்டேன்.

மிதவை என்றதும் கப்பல் அளவுக்குக் கற்பனை செய்ய வேண்டாம். பரங்கிக்காய் அளவில் ஒரு மஞ்சள் உருண்டை, அதன் அடியில் தொங்கும் நீளமான துணிக்குழாய். கடலில் விட்டுவிட்டால் நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் போகும். போகிற இடத்தையும் தண்ணீரின் சூட்டையும் உப்பையும் செயற்கைக்கோள் வழியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். அது சொல்வதைக் கணினியில் ஏற்றிப் படம் போடுவது என் வேலை. எங்கள் இருவரில் யார் அதிகம் உழைக்கிறார்கள் என்று கேட்டால், மனசாட்சிப்படி மிதவையைத்தான் சொல்வேன்.

நான் கடலியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். என் பதவியின் பெயர் ஒரு மூச்சில் சொல்ல முடியாத நீளம். அர்த்தம் என்னவோ 'தற்காலிகம்' என்பதுதான். அந்த வாரம் புதன்கிழமை ஆய்வுக்குழு கூடுகிறது. மிதவை ஒழுங்காக மிதந்தால் எனக்கு வேலை நீட்டிப்பு. மிதக்காவிட்டால் திட்டத்தை மூடுவார்கள், கூடவே என்னையும். இந்த வயதில் இன்னொரு நேர்காணலில் உட்கார்ந்து 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதற்குச் சிரித்த முகத்தோடு பதில் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை.

அம்மா மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறாள். அவள் வேலை செய்யும் பாத்திகள் சாலையை ஒட்டியே இருக்கின்றன. வாயைக் கொப்பளித்துவிட்டு அவளுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, ரோட்டுல மஞ்சள் கலர்ல உருண்டையா ஏதாவது போகுதா பாரு."

"போகுதே. டி.வி.எஸ் பின்னாடி கட்டினு போறாங்க. கீழ பாவாடை மாதிரி ஒண்ணு புழுதியில இழுத்துனு போகுது. எதுக்கு?"

"அது என்னுதும்மா."

"உன் பாவாடையா?"

விளக்கினேன். அம்மாவுக்கு என் வேலை மேல் என்றைக்குமே மட்டமான அபிப்பிராயம்தான். "நான் தண்ணியை ஓட்டிட்டு உப்பை எடுக்கறேன். நீ உப்பு எவ்ளோ இருக்குதுன்னு பாத்துட்டு, அதைத் தண்ணியிலயே விட்டுட்டு வர்ற" என்பாள். இதற்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் எனக்குப் பதில் சொல்லித்தரவில்லை.

அதற்குள் சென்னையிலிருந்து திட்டத் தலைவர் அழைத்தார். சார் வரைபடம் பார்ப்பதில்லை. அட்டவணையில் எண்களை மட்டும்தான் பார்ப்பார்.

"ஸ்பீடு பாத்தியாம்மா? இந்தக் கரையில இப்படி ஒரு நீரோட்டத்தை இதுவரைக்கும் யாருமே பாத்ததில்ல!"

"சார், அது நீரோட்டம் இல்ல. டி.வி.எஸ்."

"டி.வி.எஸ்-னா? புது மாடலா?" என்றார். அவர் அறிவியலாளர். கடைசிவரை நம்பிக்கை இழக்க மாட்டார்.

புள்ளி மரக்காணம் கடைத்தெருவில் சற்று நின்றது. பிறகு வந்த வழியே திரும்பிப் போய் அனுமந்தைக் குப்பத்தில் படுத்துக்கொண்டது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். மீன் ஏலக்கூடத்தின் தகரக் கூரை மேல், வெயிலில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது என் எதிர்காலம்.

கூடத்தில் ஒரு படகுக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்; பேச்சு முழுவதும் அந்த அம்மாதான். விடியற்காலை அவர்கள் வலையில் அது ஏறியிருக்கிறது. இன்னதென்று தெரியாமல் மரக்காணத்து ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள்.

"கடைக்காரரு காதுல வெச்சுப் பாத்துட்டு, 'ஓடினு தான் இருக்குது, ஓடறதை நான் இன்னாத்துக்குத் திறக்கணும்'னு திருப்பிக் குடுத்துட்டாரு" என்றார்.

"அது எங்களுதுக்கா. கடலை ஆராய்ச்சி பண்றோம்" என்று அடையாள அட்டையைக் காட்டினேன்.

அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். "இதுல உன் போட்டோ தான் இருக்குது. அதோட போட்டோ இல்லையே?"

அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம். வலையில் மீனைத் தவிர வேறு எது ஏறினாலும் அது ஊருக்குச் சொந்தம். உரியவர்கள் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் வைத்த தட்டோடு வந்து ஊர் முன்னால் முறையாகக் கேட்க வேண்டும். கேட்டால் கொடுத்துவிடுவார்கள். வெறுங்கையோடு வந்து கேட்டால் சாமியே ஆனாலும் கிடையாது.

"பெரியவங்க யாரையாவது கூட்டினு வா. தனியா வந்து கேக்கறது முறை இல்ல."

சாருக்குச் சொன்னேன். நீண்ட யோசனைக்குப் பிறகு, "தேங்காய்க்கு மூணு கடையில விலைப்புள்ளி வாங்கிடும்மா. ஆடிட்ல கேப்பாங்க" என்றார்.

மறுநாள் மதியம் அவரே மறுபடி அழைத்தார். "கடல் சூடு ஐம்பதைத் தொட்டுடுச்சு! பெரிய வெப்ப அலை!"

"தகரக் கூரை சார்."

"ஓ" என்றார். அந்த 'ஓ'வில் எழுதப்படாத ஒரு கட்டுரையின் மரணம் கேட்டது.

பெரியவர் என்று எனக்கு இருப்பது அம்மா ஒருத்திதான். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்த அழகைப் பார்க்க வேண்டுமே! என் நிச்சயதார்த்தத்துக்கென்று வாங்கிப் பரணில் போட்டிருந்த பெரிய எவர்சில்வர் தட்டை இறக்கி, புளி போட்டுத் தேய்த்தாள். பட்டுப்புடவையை எடுத்தாள்.

"அம்மா, நாம ஒரு மிஷின் கேட்கத்தான் போறோம்."

"எதையோ கேட்டுட்டுப் போவோம். தட்டு வெளிய வருதே, அது போதும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஏலக்கூடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. மிதவையைக் கூரையிலிருந்து இறக்கி, கழுவி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்திருந்தார்கள். யாரோ பொட்டு வேறு வைத்துவிட்டார்கள். அம்மா தட்டை அதன் முன்னால் வைத்துவிட்டு, சம்பந்தி வீட்டுக்கு வந்தவளைப் போல முந்தானையை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

படகுக்காரர் மனைவி ஆரம்பித்தார். "பையன் இன்னா வேலை பண்றான்?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, "கடல்ல சும்மா சுத்துவான்க்கா. எங்க இருக்கறேன்னு மட்டும் சொல்லினே இருப்பான்" என்றேன்.

"பரவாயில்ல, எங்க வூட்டுக்காரரு அதுகூடச் சொல்ல மாட்டாரு. வேலை பர்மனென்டா?"

"இல்லக்கா. பேட்டரி இருக்கற வரைக்கும்தான்."

"அதுக்கு அப்புறம்?"

"அவ்ளோதாங்க. அப்படியே விட்டுடுவோம்."

"போய் எடுத்துனு வர மாட்டீங்களா?"

"அதை எடுக்கப் போற செலவுக்குப் புதுசா ஒண்ணு விட்டுடலாம்க்கா. அதனால யாரும் போறதில்ல."

பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குப் பலமுறை சொன்ன வரிதான். எந்த மாணவரும் முகம் மாறியதில்லை. இங்கே சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மா மிதவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் என் அட்டையை வாங்கிப் பார்த்தார். அதில் பெரிய எழுத்தில் 'தற்காலிகம்' என்று போட்டிருந்தது.

"உன்னையும் அப்படித்தான் வெச்சிருக்காங்களா?"

நான் ஏதோ விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"ஆமாங்க" என்றாள். அவ்வளவுதான். கிண்டல் இல்லை. தட்டில் ஒழுங்காக இருந்த வெற்றிலையை மறுபடி மறுபடி ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாளே என்று அம்மா மேல் கோபம். நாற்காலியில் பொட்டோடு உட்கார்ந்திருந்த மிதவை மேலும் கோபம். இத்தனை வருடம் அவள் கேலி செய்ததெல்லாம் கவலைதான் என்று அந்த நொடியில் புரிந்து தொலைத்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. உப்புக்காற்று என்று சொல்லிச் சமாளித்தேன். உப்பளத்துக்காரியிடம் அது எடுபடவில்லை.

வலை தைத்துக்கொண்டிருந்தவர் முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். "குடுத்துடு. காத்தால நானே கொண்டுபோய் ஆழத்துல விட்டுட்டு வர்றேன். பொண்ணும் வரட்டும்."

போனேன். கடலியலில் முனைவரான எனக்குப் படகு என்றாலே குமட்டும். கரை மறையும் முன்பே படகின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மிதவையைத் தண்ணீரில் இறக்கியவர் அவர்தான். பொட்டு கரையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மதியம் ஆய்வுக்குழு கூடியபோது புள்ளி நீலத்தில் இருந்தது. நான் வீட்டிலிருந்தபடி கணினியில் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழுவில் ஒருவர் மட்டும் வரைபடத்தைக் கண்ணாடி இல்லாமல் உற்றுப் பார்த்து, "இது இங்க ரோட்டைக் கடக்குதே?" என்றார். பக்கத்தில் இருந்தவர், "ஜி.பி.எஸ் பிழை" என்றார். எல்லோரும் தலையாட்டிவிட்டு முந்திரி சாப்பிட்டார்கள்.

சாயந்திரம் சார் மகிழ்ச்சியோடு அழைத்தார். "உனக்கு எக்ஸ்டென்ஷன் குடுத்துட்டாங்கம்மா!"

"எது வரைக்கும் சார்?"

"மிதவை தகவல் அனுப்பற வரைக்கும்."

இப்போது தினமும் காலையில் கண் விழித்ததும் போனைத்தான் பார்க்கிறேன். புள்ளி நகர்ந்திருந்தால் பல் தேய்க்கப் போகிறேன். அனுமந்தை அக்கா அடிக்கடி போன் செய்வார். அம்மா நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறார். இருவரும் என்னை விட்டுவிட்டுப் பேசிக்கொள்கிறார்கள்.

போன வாரம் அழைத்தார். "இன்னாம்மா, ரெண்டு பேரும் ஓடறீங்களா?"

"ஓடறோம்க்கா. அது இப்ப தெற்கால ரொம்ப தூரம் போயிடுச்சு."

"சரி, கேட்டுக்கோ. பேட்டரி தீர்ந்துடுச்சுன்னா, கடைசியா எங்க நின்னுச்சுன்னு எங்களுக்குச் சொல்லு. செலவு கிலவுன்னு கணக்குப் பாக்காத. எங்க ஆளுங்க போய்த் தூக்கினு வந்துடுவாங்க."

"சரிக்கா" என்றேன்.

"உன்னை எடுத்துனு வர்றதுக்கு யாருக்குத் தட்டு வெக்கணும்னு உங்க அம்மா கேக்கறாங்க" என்றார்.