ரோலர்காரரின் எலுமிச்சை

வாளித் தண்ணீரைக் கவிழ்த்ததும் மிதிக்க ஆரம்பித்துவிடுவார் பக்கத்து வீட்டுக்காரர். முதலில் குதிகால், பிறகு முழுப் பாதம். எலுமிச்சைக் கன்றைச் சுற்றி ஒரே திசையில், முந்தின தடத்தின் மேல் அடுத்த தடம் பாதி ஏறி விழும்படி மிதிப்பார். சாலை ரோலரை அப்படித்தான் ஓட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் நடுவில் ஒரு கோடு இளகி நிற்குமாம். ஓய்வு பெற்ற அன்று வண்டியைத் திருப்பிக் கொடுத்தார். கால் பழக்கத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

தெருவுக்கே அவர் ரோலர்காரர்தான். எஞ்சின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகியவர் என்பதால் ரகசியம்கூடச் சத்தமாகத்தான் வரும். எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன் தரையைக் காலால் தட்டிப் பார்ப்பார். "டைல்ஸுக்கு அடியில காலியா இருக்கு சார். போட்டவன் ஏமாத்திட்டான்." அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

கன்று அவருடையது அல்ல, மனைவியுடையது. சமையலறை ஜன்னலில் தயிர் டப்பாவில் விதை போட்டு வளர்த்தவர் அந்த அம்மாள். இதற்கு முன் இரண்டு கன்றுகளைத் தரையில் இறக்கினார், இரண்டும் கருகின. இது கடைசி. "இதுவும் போச்சுன்னா இந்த வீட்டுல இனிமே நான் ஒண்ணும் நட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

"ஏங்க, அதைப் போட்டு ஏன் இந்த மிதி மிதிக்கிறீங்க?"

"ஈரத்துல மிதிச்சாத்தான்டி மண்ணு இறுகும். காத்தடிச்சா செடி சாஞ்சுடாதா?"

"அப்படியே மேல தாரையும் ஊத்திடுங்க. வேலை முடிஞ்சுடும்."

அவர் சொல்வதில் பொய் இல்லை. பதமாக நனைத்து அழுத்தினால் மண் நன்றாக இறுகும். துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகள் மூடிக்கொள்ளும். சாலைக்கு வேண்டியது அதுதான். செடிக்கோ தண்ணீர் கிடைப்பதே அந்த இடைவெளிகளில்தான். வேர் நுழைவதும் மூச்சு விடுவதும் அங்கேதான். தினமும் ஊற்றி, தினமும் அந்த வழியை அடைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் குட்டையாக நின்று, வழிந்து, சாக்கடைக்குப் போகும். அதில் அவருக்குப் பெருமை வேறு. "பாருங்க, ஒரு சொட்டு உள்ள போகுதா?" இலை சுருண்டால் இன்னொரு வாளி ஊற்றுவார். மறுபடி மிதிப்பார். குட்டைச் சுவருக்கு மேலாக நானும் சொல்லிப் பார்த்தேன். "சார் எங்கயாவது ரோடு போட்டிருக்கீங்களா?" என்றார். போட்டதில்லை.

போன வாரம் கீழ் இலைகள் உதிர்ந்தன. அந்த அம்மாள் கடப்பாரையோடு வந்துவிட்டார். முதல் குத்து கல்லில் பட்டதுபோல் கணீரென்றது. குத்திக் குத்தி ஒரு கட்டியைப் பெயர்த்துக் கணவர் கையில் வைத்தார். மேலே சேறு. விரல் ஆழத்துக்குக் கீழே செங்கல்போல உலர்ந்து கிடந்தது. அதில் ஒரு வேர் இறங்க இடம் கிடைக்காமல் பக்கவாட்டில் மடங்கியிருந்தது.

அவர் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"என்னா இறுக்கம் பார்த்தியா! இது மேல லாரியே போகலாம்."

"லாரிதான் காய்க்கப் போகுதா?"

கட்டியை விரலால் நெரித்துப் பார்த்தார். உடையவில்லை. அந்த வேரைத் தொட்டுப் பார்த்தார்.

அந்த அம்மாள் சுற்றிலும் மண்ணைக் கிளறி, சருகைக் கலந்து, ஒரு வாளி ஊற்றினார். தண்ணீர் தயங்காமல் உள்ளே இறங்கியது.

"எங்கடி போச்சு?" பயந்துதான் கேட்டார்.

"போக வேண்டிய இடத்துக்கு. தள்ளி நில்லுங்க."

நேற்று தண்ணீர் ஊற்றியது அவர். நீர் மறைந்தது. மண் பொதபொதவென்று உப்பிக் கிடந்தது. எந்தச் சாலையிலும் அவர் அதை அப்படி விட்டுவந்திருக்க மாட்டார். வலது கால் தானாக எழுந்தது. குதிகால் மண்ணைத் தொடுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டார். காற்று வந்தது, கன்று ஆடியது. தூக்கிய காலைக் கீழே விடாமல், ஒற்றைக் காலில் நின்றபடியே குனிந்து, அதன் தண்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்.