இரண்டாவது கியரில் மட்டும்

டாஷ்போர்டுக்குள் ஏதோ சத்தம் கேட்கிறது என்று என் வீட்டுக்காரர் முதன்முதலாகச் சொன்னது சயான் சிக்னலில். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தது நான். அவர் பக்கத்து சீட்டில் காதைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"ணிங்... ணிங்னு கேக்கு. உனக்குக் கேக்கலையா?"

"எனக்கு உங்க சத்தந்தான் கேக்கு."

"உனக்குக் கேக்கலேன்னா இல்லேன்னு ஆயிருமாட்டி?"

அப்போது சிரித்துவிட்டேன். அந்தக் கேள்வி மூன்று வாரம் என்னை உட்காரவிடாமல் அடிக்கப்போகிறது என்று எனக்கென்ன தெரியும்?

எங்கள் வண்டி பழசு. ஸ்டியரிங் தண்டிலேயே கியர்க்கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ரகம். ஒரு காலத்தில் பம்பாய் டாக்ஸி என்றால் அதுதான். என் வீட்டுக்காரர் அந்த டாக்ஸியை முப்பது வருஷம் ஓட்டினார். டாக்ஸியை விட்டபின் அதே ரகத்தில் வெள்ளை வண்டி ஒன்றைச் சொந்தத்துக்கு வாங்கினார். நாங்கள் இருப்பது தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அறையில். வண்டி நிற்பது தொண்ணூறு அடி ரோட்டு ஓரத்தில், உறை எல்லாம் போட்டு, மாப்பிள்ளை மாதிரி. அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் ஆனபின் டாக்டர் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். வண்டியை விற்கவும் மாட்டேன் என்றார் இவர். வேறு வழியில்லாமல் ஐம்பத்து மூன்று வயதில் நான் லைசன்ஸ் எடுத்தேன். சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அந்த ஒரு மாதத்தில் நாங்கள் போட்ட சண்டையைக் கல்யாணமான நாளிலிருந்து போட்டதில்லை.

சத்தத்துக்கு வருகிறேன். முதல் சந்தேகம் என் பிள்ளையார் மேல் விழுந்தது. இவர் சின்ன வயசிலிருந்தே சாமி கும்பிடாத ஆள். டாஷ்போர்டின் மேல் நான் கட்டைவிரல் பருமனில் ஒரு பிள்ளையாரை ஒட்டி வைத்திருந்தேன். "இவருதான் ஆடுதாரு" என்று பிய்த்து என் மடியில் போட்டார். சயானிலிருந்து செம்பூர் வரைக்கும் பிள்ளையார் என் மடியில் வந்தார், சத்தமும் கூடவே வந்ததாம். பிள்ளையார் நிரபராதி என்றானதில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

பிறகு மீட்டர் கண்ணாடியின் இடுக்கில் காகிதத்தை மடித்துச் செருகினார். கண்ணில் பட்ட திருகையெல்லாம் முடுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மாட்டுங்காவில் அவருக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் போனோம். ஸ்பீடாமீட்டருக்குப் போகும் கேபிள் காய்ந்துபோனால் இப்படித்தான் கத்தும் என்று சொல்லி அவன் புதுக் கேபிள் போட்டான். கிங்ஸ் சர்க்கிள்கூடத் தாண்டவில்லை, "இந்தா, ணிங்" என்றார்.

மறுநாள் திரும்பப் போனோம். மெக்கானிக் எங்களை இறக்கிவிட்டுத் தான் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு விரட்டு விரட்டிவிட்டு வந்தான். "பாபி, குச் நஹி ஹை. காடி ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றான், வண்டியில் ஒரு கோளாறும் இல்லையாம். அப்புறம் இவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, நெற்றிப்பொட்டருகே விரலைச் சுற்றிக் காட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சத்தத்தைக் கண்டுபிடிக்கத் துப்பில்ல, விரலைச் சுத்துத? கட்டையில போறவன!" என்றேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விரலை மடக்கிக்கொண்டான்.

கோபப்பட்டேனே தவிர, அந்த விரல் என் மண்டைக்குள் புகுந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சான்பாடாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனோம். அவனும் அப்பாவை உட்கார வைத்து, காலி ரோட்டில் அறுபதில் ஓட்டிப் பார்த்தான். வந்ததும் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டான். இவர் ஹாலில் எங்களுக்கு முதுகு காட்டி, அணைத்திருந்த டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"யம்மா, சத்தம்லாம் ஒண்ணுமில்ல. அப்பா போன மாசம் ரெண்டு தடவை சாவியைத் தொலைச்சாவ. எம் பாப்பாவை என் தங்கச்சி பேரு சொல்லிக் கூப்பிடுதாவ. இப்ப இல்லாத சத்தம் வேற கேக்கு. இது மூளை விஷயம்மா. புதன்கிழமை செம்பூர்ல டாக்டர்ட்ட அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கேன். பொறவு ரெண்டு பேரும் இங்கனயே வந்துருங்க. காடியைக் குடுத்துருவோம். சரியா?"

நான் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். அவருடைய ஒவ்வொரு அசைவையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பனியனைத் திருப்பிப் போட்டிருந்தார். முப்பது வருஷமாக அப்படித்தான் போடுகிறார், நானும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அன்றைக்கு அதைப் பார்த்ததும் எனக்குப் பயமாக இருந்தது. ஒருநாள் இந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்து நீ யாரு என்று கேட்டால் நான் என்ன செய்வேன்?

செவ்வாய்க்கிழமை காலையில் சாவியை எடுத்துக்கொண்டு "கிளம்புங்க" என்றேன்.

"எங்கட்டி?"

"உங்க சத்தத்தைத் தேடி."

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

செம்பூர் தாண்டி மான்குர்த் பக்கம் விட்டேன். "செகண்ட் கியர்லயே போ. இருபத்தஞ்சைத் தாண்டாத. அந்த மெக்கானிக் பயலும் உம் மவனும் விரட்டுனா எஞ்சின் இரைச்சல்ல அது எப்படிக் கேக்கும்?" என்றார். பின்னால் ரிக்ஷாக்காரர்கள் ஹாரனை அமுக்கினார்கள். ஒருத்தன் "ஏ ஆன்ட்டி, ஸோ கயீ க்யா?" என்று கத்திவிட்டுப் போனான். உறங்கலடா, என் உசுரே உறங்கலடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"இந்தா... இப்ப" என்றார் இவர். எனக்குக் கேட்கவில்லை. "நின்னுட்டு." எதுவும் கேட்கவில்லை. "இந்தா, திரும்பவும்."

இருபத்தாறு வருஷம் நான் துணி தைக்கும் கம்பெனியில் மிஷின் ஓட்டியவள். தகரக் கூரை மாடியில் நாற்பது மிஷின் ஒரே நேரத்தில் ஓடும். நம் மிஷினில் என்ன கோளாறு என்று காதால் கண்டுபிடிக்க அங்கே வழியே இல்லை. அதனால் உள்ளங்கையை மிஷின் தலைமேல் வைத்துப் பார்ப்போம். திருகு லூசா, ஊசி வளைந்திருக்கிறதா, எண்ணெய் காய்ந்துவிட்டதா, எல்லாம் கை சொல்லிவிடும். மூன்று வாரமாக இல்லாத காதைத் தீட்டிக்கொண்டிருந்தேனே தவிர இந்தக் கை ஞாபகம் வரவில்லை பாருங்கள்!

இடது கையை டாஷ்போர்டில் வைத்தேன். மீட்டர் பக்கம் எஞ்சின் நடுக்கம் மட்டும்தான். கொஞ்சம் தள்ளி நடுவில் வைத்தேன். அங்கே ரேடியோ வைக்கும் ஓட்டையைத் தகரத் தகடு போட்டு மூடியிருந்தது.

"இப்ப" என்றார். அதே நொடியில் என் உள்ளங்கையில் எறும்பு ஊர்வது மாதிரி கூசியது.

"நின்னுட்டு" என்றார். கூச்சமும் நின்றது.

இன்னும் நாலு தடவை பார்த்தேன். நாலு தடவையும் அவர் வாயும் என் கையும் ஒன்றாகவே சொல்லின.

"இருக்குங்க! சத்தம் இருக்குங்க!" என்று கத்திவிட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அதைத்தான மூணு வாரமா சொல்லுதேன். இதுக்கு எதுக்கு அழுத? ரோட்டைப் பாரு."

வண்டியை ஓரங்கட்டினேன். காலடியில் எப்போதும் ஒரு திருப்புளி கிடக்கும். தகட்டுக்கு இரண்டே திருகுதான். இரண்டாவதைக் கழற்றும்போது என் கை தயங்கியது. இந்தத் திருகை இதே திருப்புளியால் நான் முன்பும் கழற்றியிருக்கிறேன்.

உள்ளே கையை விட்டேன். எலிப்புழுக்கையும், நார்நாராகக் கிழிந்த மஞ்சள் துணியும் வந்தன. கூடவே ஒரு ஒற்றை ரூபாய்.

இவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன அன்று மஞ்சள் துணியில் நான் முடிந்த காணிக்கை அது. பிழைத்து வந்தால் பங்குனி உத்திரத்துக்கு இவரைக் கூட்டிக்கொண்டு வந்து உன் உண்டியலில் போடுகிறேன் என்று எங்கள் ஊர்ச் சாஸ்தாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். வீட்டில் வைத்தால் முறுக்கு தேடுகிற சாக்கில் டப்பா டப்பாவாகத் திறக்கிற மனுஷன் கண்ணில் பட்டுவிடும், பட்டால் கேலி பேசியே கொன்றுவிடுவார். அதனால்தான் தகட்டுக்குப் பின்னால் வைத்துத் திருகினேன். முதல் வருஷம் பயணம் கூடாது என்றார் டாக்டர். அடுத்த வருஷம் ரயிலில் இடம் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் சுத்தமாக மறந்தே போனேன். எலி துணியைத் தின்றுவிட்டது. காசு தனியாக விழுந்து தகரத்தில் தட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது.

மறதி அவருக்கு என்று தலையாட்டிவிட்டு வந்தவள் நான்.

எல்லாவற்றையும் சொன்னேன். கேலிக்குக் காத்திருந்தேன். அவர் கேலி செய்யவில்லை. வண்டிக் கதவுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தகட்டை என் காதருகே பிடித்து, காசால் மெல்லத் தட்டினார்.

"இதான் அந்தச் சத்தம். கேளு."

காசு தகரத்தைத் தொடுவதைப் பார்த்தேன். மறுபடி தட்டினார். அதற்கும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஓங்கித் தட்டியபோதுதான் லேசாக ஏதோ கேட்டது. அவர் முகம் மாறிவிட்டது.

"எத்தனை நாளாட்டி?"

"தெரியலையே" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. நாற்பது மிஷினும் என் காதை எப்போது தின்றன என்று யார் கண்டது?

கொஞ்ச நேரம் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை அவன் கேட்டப்ப நீயும் தலையாட்டுன. டிவி கண்ணாடியில தெரிஞ்சுது" என்றார்.

ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "அவன் பேசுனதும் கேட்டுதா?"

"எனக்குத்தான் எல்லாம் கேக்கே."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "ஆமா, ஆட்டினேன். பயந்துட்டேங்க" என்றேன். அவர் கைக்குட்டையில் காசை வைத்து முடிந்து என் கையில் கொடுத்தார்.

"பங்குனிக்கு டிக்கெட் போடு. உஞ் சாமிக்காவ இல்ல, நீ வாக்குக் குடுத்திருக்கல்லா, அதுக்கு வாரேன். நாளைக்கு டாக்டர்ட்டயும் போவோம். என் மூளையைப் பாக்கட்டும், உன் காதையும் பாக்கட்டும்."

வண்டியைத் திருப்பினேன். சத்தம் போய்விட்டது, ஆனாலும் இரண்டாவது கியரிலேயே வந்தேன், ஏனோ விரட்ட மனசில்லை. செம்பூர் நெருங்கும்போது அவர் ரோட்டைப் பார்த்தபடியே தானாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"பின்னால ஒரு ரிக்ஷா அவசரப்படுதான். வலது பக்கம் ஆம்புலன்ஸ், தூரத்துல. இடது பக்கம் ஒரு சைக்கிள் மணி அடிச்சுக்கிட்டு வாரான்."

சைக்கிள் மணி எனக்குக் கேட்கவில்லை. ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டேன்.