இரண்டு பேருக்கு ஒரே தாள்

நிலாவெளி பஸ்ஸில் கொண்டக்டர்மாரிடம் அந்த நாட்களில் சில்லறை இருந்ததே இல்லை. மிச்சக் காசை டிக்கட்டின் பின்பக்கம் பேனாவால் கிறுக்கித் தருவார்கள். இறங்கும்போது கேட்டு வாங்க வேண்டும். கேட்க மறந்தால் அது கடலில் போட்ட கல்.

அன்று என் டிக்கட்டின் முதுகில் எட்டு. சாம்பல்தீவுச் சந்தியில் ஏறி, எனக்கு முன் சீட்டில் இருந்தவளின் டிக்கட்டில் பன்னிரண்டு. திருகோணமலை பஸ் நிலையத்தில் கொண்டக்டர் எங்கள் இருவர் டிக்கட்டையும் பார்த்தார். ஒரே ஒரு இருபது ரூபாய்த் தாளை நடுவில் நீட்டினார்.

"ரெண்டு பேரும் மாத்திப் பிரிச்சு எடுங்கோ."

"இவர் ஆரெண்டே எனக்குத் தெரியாது," என்றாள் அவள்.

"இருபது ரூவாயோட எங்க ஓடப்போறார் தங்கச்சி? இறங்குங்கோ, இறங்குங்கோ!"

தாளை அவள்தான் வாங்கினாள். நான் பின்னால் நடந்தேன். பஸ் நிலையத்தில் ஊர்மாடு போலத் திரியும் மான்களில் ஒன்று பழத்தோலை மென்றபடி எங்களைப் பார்த்தது. தேநீர்க் கடைக்காரர் தாளை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, சும்மா மாற்றித் தர ஏலாது, ஏதும் குடித்தால் தரலாம் என்றார். பாலில்லாமல் இரண்டு பிளேன்டீ. ஒன்று ஐந்து ரூபாய். குடித்து முடித்தபின் அவர் தந்த மிச்சத்தைப் பார்த்து இருவரும் ஒன்றாகச் சிரித்துவிட்டோம். மறுபடியும் ஒரே தாள். பத்து ரூபாய்.

"நாளைக்கு மாத்தித் தாறன்," என்றாள். நாளைக்கு அவள் மாற்றவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கலியாணம் கட்டி இத்தனை வருடத்திலும் அந்தத் தாளைப் பிரித்துக்கொள்ள எங்களுக்கு நேரம் வரவில்லை.

இப்போது அவள் கட்டாரில். ஒரு வைத்தியசாலையின் சலவைப் பகுதியில் மேற்பார்வை வேலை. விலைவாசி கழுத்துக்கு ஏறிய வருடம் போனவள். இது நான்காம் வருடம். வங்கிக் கணக்கு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. நான் இங்கே போனைக் காட்டி எதை வாங்கினாலும் அங்கே அவள் போன் ஒரு முறை முனகும். கடையின் பெயர், தொகை, நேரம்.

காசு கையில் இருந்த காலத்தில் அது ஈரமாக இருந்தது, மீன் மணத்தது, ஆட்களை முட்ட வைத்தது. இப்போது காசுக்கு உடம்பில்லை. மீன்காரர் சைக்கிள் பெட்டியில் கறுப்புக் கட்டங்களின் படம் ஒட்டியிருக்கிறார். குனிந்து அதைப் படம் பிடிக்கிறேன், சரி என்கிறார், போகிறார். விரல் விரலில் படுவதில்லை. ஆனால் அந்த உடம்பில்லாத காசுதான் ஒரு கடல் தாண்டி அவள் தலையணைக்கருகே போய் என் பெயரைச் சொல்கிறது.

"அரைக் கிலோ சூடை மீன்தானே? தனிய இருக்கிற ஆளுக்கு அது கூடிப்போச்சு," என்பாள். "பாமசிக்கு ஏன் போனனீங்கள்? காய்ச்சலோ?"

ஒருமுறை மெஷினில் மொத்தமாகக் காசெடுத்து ஒரு கிழமை அதையே செலவழித்தேன். எட்டாம் நாள் அழைத்தவளின் குரல் உடைந்திருந்தது. "ஒரு கிழமையா ஒரு கடைப் பேரும் வரேல்லை. நீங்கள் ஒண்டும் சாப்பிடேல்லையோ?" அதன் பிறகு நெருப்புப் பெட்டிக்கும் போனைத்தான் நீட்டுகிறேன். கடைக்காரர்களுக்கு நான் ஒரு சிரிப்பு.

போன கிழமை அவள் சொன்னாள்: "வெள்ளிக்கிழமைக்குள்ள புது ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்கச் சொல்லுகினம். இன்னும் ரெண்டு வருசம். நான் என்ன செய்ய?"

நான் வேலை செய்யும் ஓர்ஸ் ஹில் கந்தோரின் ஜன்னலில் நின்றிருந்தேன். கீழே உள்துறைமுகத்தில் ஒரு கப்பல் போகவும் இல்லாமல் கரையில் கட்டவும் இல்லாமல் கிடந்தது. வாரும் என்ற சொல் வாய்வரை வந்தது. வீட்டுக் கடன் நினைவுக்கு வந்தது.

"உம்மட விருப்பம்," என்றேன்.

"ஓ," என்றாள். வைத்துவிட்டாள். அந்த ஓ மூன்று நாள் என்னோடு பஸ்ஸில் வந்தது, கதிரையில் இருந்தது, குசினி அடுப்படியில் நின்றது.

வியாழன் காலை கந்தோருக்குப் போகாமல் அந்தத் தேநீர்க் கடைக்குப் போனேன். இப்போது பழையவரின் மருமகன் நடத்துகிறார். அங்கேயும் கறுப்புக் கட்டங்கள், சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தபடி.

"ரெண்டு பிளேன்டீ," என்றேன். போனை நீட்டி நூறு ரூபாய் கட்டினேன்.

"மற்றது ஆருக்கு அண்ணை?"

"வருவா."

அவர் வாசலைப் பார்த்தார். வாசலில் ஒரு மான்தான் நின்றது. கோப்பைகள் இரண்டும் ஆவி விட்டன. அங்கே விடிகிற நேரம், வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருப்பாள். பார்ப்பாளா? பார்த்தாலும் விளங்குமா? மேசை அதிர்ந்தது. போன்.

"இஞ்சருங்கோ, நூறு ரூவாய்க்கு அந்தக் கடையில என்ன?"

"தேத்தண்ணி."

"ரோல்ஸ் சாப்பிடுற ஆளும் இல்லை நீங்கள். அப்ப ரெண்டு தேத்தண்ணி. ஆரோட குடிக்கிறீங்கள்?"

"ஒருத்தரும் இல்லை. மற்றது உமக்குத்தான்."

அவளுக்குப் பின்னால் யாரோ கதவைத் தட்டி, வேலைக்கு ஏற்றிப்போகும் வான் வந்துவிட்டது என்று கத்தினார்கள். அவள் அசையவில்லை என்பது மூச்சில் தெரிந்தது.

"காசு கட்டிச் சொல்லாதேங்கோ," என்றாள். "வாயால சொல்லுங்கோ."

"வாரும்," என்றேன். "கடனைப் பிறகு பாப்பம். நீர் வந்திடும்."

மறுபடி வான்காரரின் சத்தம். மூக்கை உறிஞ்சினாள்.

"கையெழுத்து வைக்கேல்லை. வைக்கமாட்டன்," என்றாள். "என்ர தேத்தண்ணியையும் நீங்களே குடிச்சிடாதேங்கோ. உங்களுக்குச் சீனி கூடாது."

என்னுடையதைக் குடித்தேன். மற்றக் கோப்பையை எடுக்கக் கடைக்காரர் கை நீட்டினார்.

"இருக்கட்டும் தம்பி," என்றேன்.