கணக்கில் வராத பாடகர்கள்

லோர்னா பெட்காவ் தன் இணையதளத்துக்கு வரும் புகார்களை உரக்கத்தான் படிப்பார். கனடாவின் சாஸ்கடூன் நகரில் அவர் வீட்டுச் சமையலறையில் பெரோகிக் கொழுக்கட்டை பொரிந்துகொண்டிருக்க, "அச்சடிச்சா கடைசி வரி வெட்டுப்படுதாம்" என்பார்.

"என்கிட்டயா சொன்னே?" என்பார் கணவர் ஆல்வின்.

"உன்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?"

லோர்னா பள்ளியில் இசை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பாட்டுக்குழுக்கள் இசைக்குறிப்பை அச்சடிக்க உதவும் இலவச மென்பொருள் ஒன்றின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறார். அதன் நிரலை யாரும் எடுத்துத் திருத்தலாம்; சம்பளம் யாருக்கும் கிடையாது.

போன குளிர்காலத்தில், நிதி தந்து உதவ முன்வந்த அறக்கட்டளை ஒன்று தளத்துக்கு வருகிறவர்கள் யார், என்ன வயது என்று கேட்டது. அதையெல்லாம் சொல்லும் கண்காணிப்பு நிரலை லோர்னாவே ஆசையாகச் சேர்த்தார். வருகிறவர்களைப் பங்கு பிரித்துக் காட்டும் வண்ண வட்டங்கள் வந்தன. பெரும்பாலும் முப்பதை ஒட்டிய ஆண்கள். முதியவர்கள் இல்லவே இல்லை என்று சொல்லலாம். அதை நம்பி, பார்வை மங்கியவர்களுக்கென்று இருந்த, பராமரிக்கச் சள்ளையான பெரிய எழுத்துப் பதிப்பைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்.

மூஸ் ஜா என்ற ஊரிலிருந்து ஹில்டா உன்ராவ் என்ற பெண்மணி, எப்படியோ லோர்னாவின் தொலைபேசி எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தார். "எங்க குழுவுல எல்லாரும் எழுபது தாண்டினவங்கம்மா. நூலகத்துக் கம்ப்யூட்டர்லதான் எடுப்போம். ஈஸ்டருக்குப் பாட்டு வேணும், பக்கத்தையே காணோம். நாங்க செத்துட்டோம்னு யாராவது சொன்னாங்களா?"

லோர்னாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த நிரல் வயதை ஊகித்துத்தான் சொல்கிறது. நூலகத்துப் பொதுக் கணினியில் பார்ப்பவர்களைப் போல யாரென்று பிடிபடாதவர்களை வட்டத்தில் சேர்ப்பதே இல்லை. அதை அவர் அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டார். பெரிய எழுத்துப் பதிப்பு அன்று மாலையே திரும்பி வந்தது.

கண்காணிப்பு நிரலையும் நீக்கிவிட லோர்னா கிளம்பியபோது, அதே மென்பொருளுக்கு ஹாலிஃபாக்ஸ் நகரிலிருந்து நிரல் எழுதும் கர்ட்டிஸ் தடுத்தார். "முழுசா தூக்கிடாதே லோர்னா. பாதிப் பேர் போன்ல பார்க்கறாங்கன்னு அதுதானே சொல்லிச்சு?"

"எந்தப் பக்கத்தைத் திறக்கறாங்க, எதுல திறக்கறாங்க, அது இருக்கட்டும். வயசு, ஆணா பொண்ணாங்கற ஜோசியம் வேண்டாம்."

அறக்கட்டளைக்கு, 'வயது தெரியாது' என்று எழுதினார். உதவி வரவில்லை. கர்ட்டிஸ் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை.

இப்போது தளத்தின் முகப்புப் பக்கத்து அடியில் லோர்னாவின் வீட்டுத் தொலைபேசி எண் இருக்கிறது. பெரும்பாலும் சாப்பாட்டு வேளையில்தான் மணி அடிக்கிறது.

"ஆறிப்போகுது, அப்புறம் பேசேன்" என்கிறார் ஆல்வின்.

லோர்னா தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு, நாற்காலியைத் தொலைபேசியருகே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.