பத்து நிமிஷ வேலை

ராயப்பேட்டையில் எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அப்துல் வஹீத் பாய் குடியிருந்தார். அவருக்கு நேர் கீழே நான். இருபத்தேழு வருஷமாக அவர் வீட்டில் எது ஒழுகினாலும் முதலில் என் சமையலறையில்தான் சொட்டும். ஆகவே அவரைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

பாய்க்கு ஃபேன் ரிப்பேர் தொழில். தெருமுனையில் சின்னக் கடை. சுற்றுவட்டாரத்தில் பாதி ஃபேன் அவர் கைபட்டுத்தான் ஓடுகிறது, அதில் குறை சொல்ல எனக்கே வாய் வராது. ஆனால் சொந்த வீடு என்றால் மட்டும், "பத்து நிமிஷ வேலை கருணா, ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்" என்பார். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

வெளியாளைக் கூப்பிடவும் விடமாட்டார். "நானே ஒரு மெக்கானிக். என் ஊட்டுக்கு இன்னொருத்தன் ஸ்பேனர் எடுத்துக்கினு வந்தா, அப்புறம் என் கடைக்கு எவன் வருவான்?"

அதனால் அந்த வீட்டில் எல்லாமே தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் வேலை செய்யும். காலிங் பெல்லை இடது ஓரத்தில் அழுத்தினால்தான் அடிக்கும். பாத்ரூம் விளக்கு வேண்டுமென்றால் ஹால் சுவிட்சைப் போட வேண்டும். வாசல் கதவு எல்லாவற்றுக்கும் மேல். பூட்டைத் திறந்த பிறகு, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கி, கீழ்ப்பக்கம் முட்டியால் ஓர் இடி இடித்தால்தான் உள்ளே போகும். 'டொம்' என்ற அந்தச் சத்தத்தை வைத்தே யார் வந்தார்கள் என்று நான் கீழே இருந்து சொல்லிவிடுவேன். பாய் ஒரே டொம். அவர் மனைவி நஸ்ருன்னிசா பாபிக்கு இரண்டு, மூன்று ஆகும்.

எட்டு மாதமாக பாபியின் டொம் கேட்கவில்லை. வலது முட்டி போய்விட்டது. தேய்மானம், படி ஏறி இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஜாம்பஜாரில் மீன்காரர்களோடு மல்லுக்கட்டி வாங்கிவந்த மனுஷி, ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சைதாப்பேட்டையில், மகள் மஹ்விஷ் வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளி, தரைத்தளத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. மாதக் கடைசி வரை பொறுக்கிறேன் என்றார் அதன் சொந்தக்காரர். அதற்குள் இந்த வீடு விற்றாக வேண்டும். விற்காவிட்டால் பாபிக்கு அந்த ஜன்னல்தான்.

முதலில் பார்க்க வந்தவர்கள் பெல்லை நடுவில் அழுத்தினார்கள். யாரும் வரவில்லை என்று திரும்பிப் போய்விட்டார்கள். அடுத்து வந்தவர் பாத்ரூம் சுவிட்சைப் போட, ஹால் ஃபேன் சுற்றியது. அவரும் போய்விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பாய், எனக்குத் தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க. மூணு நாள்ல முடிச்சுடுவாங்க. கூப்பிடட்டுமா?"

"இன்னா கருணா, சும்மா கத்திக்கினு கீற? எல்லாம் பத்து நிமிஷ வேல!"

கடையை மூடிவிட்டுத் தானே வேலையில் இறங்கினார். பெல்லைப் பிரித்ததில் இரண்டு நாள் போயிற்று. சமையலறைக் குழாயைக் கழற்றியதில் என் அரிசி டப்பா நனைந்தது. மாதம் முடிய ஒரு வாரம்கூட இல்லாதபோது வாசல் கதவுக்கு வந்தார். நான்தான் கதவைத் தாங்கிப் பிடித்தேன். மேல் கீலில் ஸ்க்ரூ தளர்ந்து கதவு சரிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஓட்டைகளில் மரச்சிம்பு அடைத்து, நீளமான ஸ்க்ரூவாகப் போட்டு முடுக்கினார். கதவு நிமிர்ந்துகொண்டது.

"பாத்தியா நஸ்ரு, பத்து நிமிஷம்னு சொன்னேனா இல்லியா?" என்று கையைத் தட்டிக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கணக்கு சரியாக இருந்தது. பாபி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் செந்தில்குமார், மணிமொழி என்று ஓர் இளம் தம்பதி பார்க்க வந்தார்கள். பாய் வெள்ளைச் சட்டை போட்டு, கீழே போய் அழைத்துவந்தார். படியெல்லாம் வீட்டின் பெருமை. நானும் பின்னாலேயே ஏறினேன். பூட்டைத் திறந்தவர், பழக்கதோஷத்தில் கைப்பிடியைத் தூக்கி, முட்டியால் ஓங்கி ஓர் இடி இடித்தார். கதவு வெண்ணெயாகத் திறந்தது. பாய் ஹாலுக்குள் பறந்துபோய், பாபியின் காலடியில் குப்புற விழுந்தார்.

நான் சிரித்துவிட்டேன். பாவம்தான், என்ன செய்வது. மணிமொழி ஓடிவந்து தூக்கினாள். "ஐயோ, ஏன் சார் அப்படி இடிச்சீங்க?"

பாபிதான் பதில் சொன்னார். "இருபத்தேழு வருஷம் அப்படித்தாம்மா திறந்தோம். பிள்ளைங்கள ஸ்கூல்ல விட்டுட்டு வந்தா, மார்க்கெட் போயிட்டு வந்தா, கையில பை இருந்தா, எல்லாத்துக்கும் இந்த முட்டிதான்." சொல்லிக்கொண்டே வலது முட்டியைத் தடவினார். குறையாகச் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னார்.

பாய் எழுந்து கதவின் மேல் கீலைப் பார்த்தார். அப்புறம் பாபியின் முட்டியைப் பார்த்தார். வீட்டைச் சுற்றிக் காட்டவே இல்லை, நான்தான் காட்டினேன். அன்றுவரை அவரைத் திட்டாத நாள் இல்லை எனக்கு, அன்று மட்டும் திட்ட மனசு வரவில்லை.

சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றார். "கருணா, உன் ஆளுங்கள வரச் சொல்லு. எல்லாரையும்."

வந்தார்கள், மூன்று நாளில் முடித்தார்கள். பாய் ஸ்பேனரைத் தொடாமல் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். செந்தில்குமாரே வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தார். மாதக் கடைசிக்கு ஒரு நாள் முன்னால் அந்தப் பணத்தைக் கொடுத்து சைதாப்பேட்டை வீடும் பேசி முடிந்தது.

குடிபோன அன்று, பாபியை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கிப் படியிறக்கினோம். புது வீட்டு வாசலில் கைத்தடியோடு ஆட்டோவிலிருந்து இறங்கியவர், கதவருகே போனதும் பழையபடி கைப்பிடியைத் தூக்கினார். வலது கால் தானாக மடங்கியது. பாய் பாய்ந்துபோய்க் கதவுக்கும் முட்டிக்கும் நடுவில் கையை வைத்தார்.

"வாணாம் நஸ்ரு. விரலால தொடு, போதும்."

பாபி ஒரு விரலை வைத்தார். கதவு சத்தமில்லாமல் திறந்தது.

"நேத்தே வந்து சரி பண்ணிட்டேன்" என்றார் பாய்.

பாபி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எவ்ளோ நேரம்? பத்து நிமிஷமா?"

"இல்ல" என்றார் பாய். "ஒரு நாள் பூரா."